ஈரச் சுவரில் எழுந்த திருவருள்

(திருப்பணியின் தொடக்கமாகப் பாலாலயம் நிகழ்ந்த பின்னர், திருப்பணிக் குழுவினர் கூட்டிய அன்பர் அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாலாலயம் இனிது நிறைவேறிவிட்டது. இறைவன் சிறு கோயிலில் எழுந்தருளி, நாம் செய்யப்போகும் பணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கோபுரத்துச் சுதை வேலைக்கு ஒருவர், மடைப்பள்ளிக்கு ஒருவர், மதிலுக்கு ஒருவர் என்று அன்பர்கள் பலர் முன்வந்திருக்கிறார்கள். “எல்லாம் அவன் அருள்” என்று இங்கே ஒவ்வொருவரும் சொல்லக் கேட்டேன். அச்சொல்லைக் கேட்டதும் என் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. பொருள் கொடுப்பவருக்கு அருள் எவ்வாறு உதவுகிறது என்பதை நாம் அறிவோம். கொடுக்கும் மனத்தைத் தருகிறது. கையால் பணி செய்யும் கலைஞனுக்கு அருள் எவ்வாறு வருகிறது? கல்லில் உளி பிடித்தவனுக்கும், சுவரில் தூரிகை பிடித்தவனுக்கும் தெய்வத்தின் முகத்தை யார் காட்டினார்கள்? இந்த ஒரு வினாவைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். ஓவியத்தைப் பற்றிய இப்பேச்சு இக்கோயில் திருப்பணிக்கு எவ்வாறு பொருந்தும் என்று சிலர் எண்ணலாம். முடிவில் அது தானே விளங்கும்.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரின் வரலாற்றை இங்கே அறியாதார் இலர். சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்க விரும்பினார். கையில் பொருள் இல்லை. மனத்திலேயே நிதி திரட்டினார். மனத்திலேயே தச்சரை அழைத்தார். நாள் பார்த்து அடிநிலை இட்டு, இரவிலும் துயிலாது சிகரம் வரையில் எழுப்பினார். குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்ய இருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, “நின்றவூர்ப் பூசல் கட்டிய ஆலயத்தில் நாளை நாம் புகுகின்றோம், நின் விழாவைப் பின்னொரு நாள் வைத்துக்கொள்க” என்னும் கருத்துப்பட அருளினான். அரசன் நின்றவூருக்கு விரைந்தான். கோயில் எங்கே என்று தேடினான். ஊரில் அப்படி ஒரு கோயில் இல்லை. அது இருந்த இடம் பூசலாரின் நெஞ்சம்.

இவ்வரலாற்றை அன்பின் பெருமைக்குச் சான்றாக நாம் பலகால் கேட்டிருக்கிறோம். இதனுள் கலையின் இலக்கணம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. புறத்தே ஒரு கோயில் எழுமுன் அகத்தே ஒரு கோயில் எழுந்திருக்க வேண்டும். சுவரில் ஒரு கோடு விழுமுன் நெஞ்சில் முழு உருவமும் நிறைந்திருக்க வேண்டும். பூசலார் அகத்தே முடித்து அமைந்துவிட்டார். அகத்தே முடித்ததைப் புறத்திலும் எழுதிக் காட்டிய ஒருவனைப் பற்றி இனிச் சொல்கிறேன். அவனுடைய ஊர் தெரியாது, பெயரும் தெரியாது. அவன் எழுதிய சுவர் மட்டும் தஞ்சையில் இருக்கிறது.

முதலாம் இராசராச சோழன் எடுப்பித்த பெரிய கோயிலை நீங்கள் எல்லோரும் கண்டு வணங்கியிருப்பீர்கள். தனது 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-ஆம் ஆண்டில், விமானத்தின் உச்சியில் வைக்கப் பொற்குடத்தை அளித்தான் அம்மன்னன். அந்த விமானத்தின் கீழ்த்தளத்தில் கருவறையைச் சூழ இரண்டு சுவர்கள் உண்டு. உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே ஒரு குறுகிய வழி கருவறையைச் சுற்றி வருகிறது. அன்றாடம் அடியார்கள் வலம் வரும் வழி அன்று அது. உரியவர்களின் இசைவு பெற்றே அதனுள் செல்ல இயலும். பகலிலும் அங்கே இருள்தான். விளக்கு இல்லாமல் எதிரே இருப்பதைக் காண முடியாது.

1931-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கையில் விளக்குடன் அவ்வழியே நுழைந்தார். சுவர் முழுவதும் ஓவியங்கள் இருந்தன. ஆனால் அவை நாயக்கர் காலத்தவை. சோழர் காலத்து ஓவியத்தைக் காணலாம் என்று வந்தவருக்கு ஏமாற்றந்தான். அப்போது மேற்புறச் சுவரில் காரை வெடித்திருப்பதைக் கண்டார். மெல்லத் தொட்டார். மேற்பூச்சு உதிர்ந்தது. உள்ளேயிருந்து, ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட முகங்கள் அவரை நோக்கின. அன்பர்களே, அந்தக் கணத்தை எண்ணிப் பாருங்கள். சோழப் பேரரசு மறைந்தது, பாண்டியர் வந்து போயினர், நாயக்கர் ஆண்டனர், மராட்டியர் ஆண்டனர், ஆங்கிலேயர் ஆண்டனர். இத்தனை காலமும் கருவறைப் பெருமானை விட்டு அகலாமல், சுண்ணாம்புத் திரைக்குப் பின்னே அம்முகங்கள் காத்திருந்தன.

அச்சுவர்களில் என்ன எழுதியிருக்கிறது? தென்புறத்தில் ஆலமர்செல்வராகிய தட்சிணாமூர்த்தி. மேற்கே தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாறு. அதனை அடுத்துப் பொன் வேய்ந்த தில்லையம்பலமும், அங்கே கூத்தப்பெருமானை வணங்கும் அரச குடும்பத்தாரும். வடக்கே முப்புரம் எரிக்கப் புறப்பட்ட திரிபுராந்தகர்.

சுந்தரர் வரலாற்றை எழுதியுள்ள பகுதியைச் சற்று நின்று காண்போம். கீழே திருமண வீடு. விருந்துக்கு அடுப்பெரிகிறது. அங்கே முதிய வேதியர் ஒருவர் குடையும் ஓலையுமாக வந்து வழக்கு உரைக்கிறார். அவையோர் வியப்போடு பார்க்கின்றனர். “இவன் எனக்கு அடிமை” என்று கிழவர் சொல்கிறார், ஓலை சான்றாகிறது, மணமகன் ஆட்கொள்ளப்படுகிறான். மேலே கண்ணை உயர்த்தினால், வெள்ளை யானைமீது சுந்தரர். குதிரைமீது அவருடைய தோழர் சேரமான் பெருமாள். இருவரும் திருக்கயிலைக்குச் செல்கின்றனர். வானவர் இசை முழக்குகின்றனர். கயிலையில் புலித்தோல்மீது பெருமான் வீற்றிருக்கிறான். ஓலையில் தொடங்கிய வழக்கு கயிலையில் தீர்ந்துவிட்டது. ஓர் உயிர் இறைவனை அடைந்த முழுக்கதையும் ஒரே சுவரில் கீழிருந்து மேலாக ஏறுகிறது.

இங்கே ஒரு செய்தியைக் கருத வேண்டும். சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் 1133-ஆம் ஆண்டில் அரியணை ஏறியவன். ஆகவே தஞ்சைச் சுவர் எழுதப்பெற்று நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே அக்காப்பியம் பிறந்தது. கதை முழுவதையும் படித்துவிட்டுச் சுவரில் வரைந்தவன் அல்லன் இவ்வோவியன். அவனுக்குக் கிடைத்தவை எவை? சுந்தரர் தம் பதிகங்களில் தம்மைப் பற்றிக் குறித்த சில சொற்கள். திருவெண்ணெய்நல்லூரில் ஆட்கொண்ட அருளும், நொடித்தான்மலைக்கு யானை தந்து அழைத்த அருளும் அப்பாடல்களில் விளங்குகின்றன. அவற்றோடு அடியார்கள் வாய்மொழியாகச் சொல்லி வந்த கதை. இவ்வளவே வித்து. அக்கிழவரின் நிற்கும் நிலை எப்படி, ஓலையைப் பிடித்த கை எப்படி, கேட்டவர் புருவம் உயர்ந்தது எப்படி என்பதை எந்த ஏடும் அவனுக்குச் சொல்லவில்லை. பாடலைக் கேட்டுக் கேட்டு, அதிலேயே ஊறி, ஒருநாள் கண்ணை மூடியபோது அவன் கண்டான். கண்டதை எழுதினான். சேக்கிழாருக்குச் சொல்லாக வந்த அருள், அவருக்கு முன்னமே இவனுக்கு உருவாக வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

வடபுறத்துத் திரிபுராந்தகரோ இதனினும் வியப்பானவர். பிரமன் தேர் செலுத்த, எட்டுக் கரங்களோடு பெருமான் வில்லேந்தி நிற்கிறான். மயில்மேல் முருகன், பெருச்சாளிமேல் பிள்ளையார், சிங்கத்தின்மேல் காளி. எதிரே அசுரர் கூட்டம் சினந்து எழுகிறது. அவர்களுடைய பெண்டிர் அச்சத்தால் கணவரைப் பற்றிக்கொள்கின்றனர். எம்பெருமான் முப்புரத்தை எரித்தது வில்லாலா? இல்லை, சிரித்தே எரித்தான் என்பது நம் முன்னோர் போற்றிய கருத்து. சினத்தையும் சிரிப்பையும் ஒரே முகத்தில் எழுதுவது எங்ஙனம்? நான் அச்சுவரின் முன் நின்றபோது விளக்கைப் பிடித்தவர் சற்றே கையை உயர்த்தினார். அகன்ற விழிகளில் வீரமும் வெகுளியும் தெரிந்தன. விளக்கைத் தாழ்த்தினார். இதழில் நகை அரும்பியிருந்தது. அழிக்க வந்தவனின் முகத்தில் அருள் இருந்தது. அந்தப் பெண்டிரின் நடுக்கத்தையும் ஓவியன் மறைக்கவில்லை. அழிவோர்க்காகவும் அவன் நெஞ்சு கசிந்திருக்கிறது. அப்போது என் உள்ளத்தில் தோன்றியது இதுதான்: இம்முகத்தை மனிதன் ஒருவன் தானாக எண்ணி அமைத்திருக்க முடியாது, தனக்குக் காட்டப்பட்டதையே அவன் எழுதியிருக்கிறான்.

“அப்படியானால் அருள் வந்தால் போதும், கற்க வேண்டியதில்லை” என்று சிலர் சொல்லக்கூடும். “அருள் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் கைப்பழக்கமே” என்று வேறு சிலர் சொல்லக்கூடும். இவ்விரு சாராருக்கும் அச்சுவரே விடை கூறுகிறது.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் அறிஞராக விளங்கிய எஸ். பரமசிவன் என்பார், இவ்வோவியங்கள் வெளிப்பட்ட பிறகு அவற்றை ஆராய்ந்தார். இவை ஈரச் சுண்ணப் பூச்சின்மீது எழுதப்பட்டவை என்று கண்டார். இம்முறையை விளக்கிச் சொல்கிறேன். கற்சுவரின்மேல் முதலில் பருவெட்டான சுண்ணக் காரையைப் பூசுவார்கள். அதன்மேல் மெல்லிய பூச்சு ஒன்றை இடுவார்கள். இரண்டாம் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தை ஏற்ற வேண்டும். வண்ணங்கள் எளியவையே: வெண்மைக்குச் சுண்ணம், கருமைக்குக் கரி, செம்மைக்கும் மஞ்சளுக்கும் காவிமண், பசுமைக்குப் பச்சைமண். பிசினோ எண்ணெயோ வேண்டுவதில்லை. ஈரச் சுண்ணம் காற்றில் உள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லச் சுண்ணக்கல்லாக இறுகும். இறுகும்போது வண்ணத்தையும் தன்னுள் பிணைத்துக்கொள்ளும். அதன் பின்னர் ஓவியம் வேறு, சுவர் வேறு என்று பிரிக்க இயலாது.

இதன் பொருளை ஓர்ந்து பாருங்கள். பூச்சு உலருமுன் எழுதி முடிக்க வேண்டும். எழுதிய கோட்டை அழித்துத் திருத்த முடியாது. “நாளை வந்து பார்த்துக்கொள்வோம்” என்பதற்கு இடமே இல்லை. உள்ளத்தில் உருவம் நிறையாதவன் அந்தச் சுவரின் முன் நின்று என்ன செய்வான்? திகைப்பான், சுவர் உலர்ந்துவிடும். உருவம் நிறைந்திருந்தும் கை பழகாதவன் என்ன செய்வான்? கோடு பிசகும், சுவர் அப்பிழையையும் கல்லாக்கிக் காத்துவைக்கும். அருளும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். ஆண்டாண்டாகப் பயின்ற கையும், பலநாள் தியானித்த நெஞ்சும், ஈரம் உலராத அந்தச் சில நாழிகையில் ஒன்றுகூட வேண்டும். அந்தக் கூட்டத்தையே நான் அருள் என்று சொல்வேன். அருள் வானத்திலிருந்து திடீரென விழும் பொருளன்று. எப்போதும் பெய்துகொண்டிருக்கும் மழை அது. ஏரியை ஆழப்படுத்திக் கரையை உயர்த்தி வைத்தவனுக்குத் தங்குகிறது, மற்றவனுக்கு ஓடிவிடுகிறது.

நம் பழைய நூல்களும் இதனையே கூறுகின்றன. விஷ்ணு தர்மோத்தரத்தில் ஓவியத்தைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. தெய்வ உருவம் அமைக்கக் கற்பிக்குமாறு வச்சிரன் என்னும் அரசன் மார்க்கண்டேய முனிவரை வேண்டுகிறான். ஓவியம் அறியாதவனுக்குச் சிற்பம் விளங்காது. ஆடல் அறியாதவனுக்கு ஓவியம் விளங்காது. இசை அறியாதவனுக்கு ஆடல் விளங்காது என்று முனிவர் அவனைப் படிப்படியாக அழைத்துச் செல்கிறார். இவ்வளவு கல்வி வேண்டும் கலைஞனுக்கு. கல்வி மட்டும் போதுமா? காளிதாசனின் மாளவிகாக்கினிமித்திரத்தில் அரசன் ஒருவன் மாளவிகையின் படத்தை முதலில் காண்கிறான். பின்னர் அவளை நேரில் காண்கிறான். படத்தைவிட அவள் அழகாக இருக்கிறாள். “ஓவியனின் கை தளர்ந்தது” என்று அவன் சொல்லவில்லை. ஓவியனின் சமாதி, அதாவது மனவொருமை, தளர்ந்துவிட்டது என்று கருதுகிறான். பெண்ணொருத்தியின் படத்துக்கே மனவொருமை வேண்டும் என்றால், பரம்பொருளின் படத்துக்கு எத்தகைய ஒருமை வேண்டும்! ஒவ்வொரு மூர்த்திக்கும் நம் ஆகமங்கள் தியான சுலோகம் வகுத்திருப்பதும் இதற்காகவே. முதலில் தியானம், பிறகே உருவம்.

இவ்வுண்மை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலி தேசத்துப் புளோரன்சு நகரில் சான் மார்க்கோ என்னும் கிறித்தவ மடம் ஒன்று உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த துறவி ஒருவரைப் பிரா ஆஞ்சலிக்கோ என்று உலகம் அழைக்கிறது. தேவதூதரை ஒத்த சகோதரர் என்பது அதன் பொருள். 1438-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அவரும் அவருடைய துணைவர்களும் அம்மடத்தின் சுவர்களில் எழுதினர். துறவிகள் தங்கும் நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றறைகளிலும் ஒவ்வோர் ஓவியம். அவரும் எழுதியது ஈரச் சுவரின்மேல்தான். ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி என்பார், அத்துறவியைப் பற்றி வழங்கிய செய்திகளைக் குறித்து வைத்திருக்கிறார். பிரார்த்தனை செய்யாமல் அவர் தூரிகையைத் தொட்டதில்லையாம். இயேசுநாதர் சிலுவையில் துன்புறுவதை எழுதும்போது கன்னத்தில் கண்ணீர் வழியுமாம். ஒருமுறை எழுதியதைத் திருத்துவதும் இல்லையாம். அவ்வாறு வந்தது இறைவன் திருவுள்ளம் என்று விட்டுவிடுவாராம். 1982-ஆம் ஆண்டில் உரோமாபுரித் திருச்சபை அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தியது.

அவர் வேறு சமயத்தவர், வேறு நாட்டவர், நம் தஞ்சை ஓவியனுக்கு நானூறு ஆண்டுகள் பிற்பட்டவர். ஆயினும் இருவருக்கும் உள்ள உறவைக் கண்டீர்களா? சான் மார்க்கோவின் சிற்றறை ஓவியம் ஊரார் கூடிப் பார்ப்பதற்கன்று. அவ்வறையில் இருந்து செபிக்கும் ஒரே ஒரு துறவிக்காக எழுதப்பட்டது. தஞ்சையின் உள்வழி ஓவியமும் திருவிழாக் கூட்டம் பார்ப்பதற்கன்று. இருளில், கருவறைக்கு அருகில், இறைவனுக்கு மிக அணித்தாக எழுதப்பட்டது. பாராட்டுவோர் இல்லாத இடத்தில் இவ்வளவு நுட்பமாக எழுதியவனுக்குப் பார்ப்பவன் யார் என்பது நன்கு தெரிந்திருந்தது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். இராசராசன் பெயர்களைப் பொறிப்பதில் தாராளமானவன். தான் அளித்ததையும், தமக்கை குந்தவையார் அளித்ததையும், தேவியர் அளித்ததையும், பிறர் அளித்ததையும் கல்லில் வெட்டச் செய்தான். கோயிற் பணிக்கு வந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் அங்கே உள்ளன. பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் இருக்கிறது. ஆனால் உள்வழியில் ஓவியம் எழுதியவன் அந்த ஓவியத்தின் ஓரத்தில் தன் பெயரைக் குறிக்கவில்லை. திருப்பணிக்குப் பொருள் தந்தோரின் பெயர்ப் பலகை வேண்டாம் என்று நான் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். கொடுத்தவர் பெயரை எழுதுவது பிறரையும் கொடுக்கத் தூண்டும். அது நல்ல மரபு. மாமன்னனே காட்டிய வழி. ஆயினும் பெயர் எழுதிய கல்லைப் பார்த்துவிட்டு, பெயர் எழுதாத சுவரையும் ஒருகணம் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இனி என் சொந்தக் குற்றம் ஒன்றை இந்த அவையில் சொல்லிக்கொள்ள வேண்டும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் ஊர்க் கோயிலில் குடமுழுக்குக்கு ஏற்பாடு நடந்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பணி செய்தோம். எனக்குக் கிடைத்த பணி சுண்ணாம்பு வாளி சுமப்பது. அம்மன் சந்நிதி முன்மண்டபத்துச் சுவரில் புகை படிந்து மங்கிய படங்கள் இருந்தன. ஒரு பெண்முகமும், அவள் கையில் ஒரு விளக்கும் எனக்கு நினைவிருக்கின்றன. பெரியவர் ஒருவர் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து என்னிடம் தந்தார். “இந்த முகத்தின்மேலுமா அடிப்பது?” என்று கேட்டேன். “அம்மன் கோயில் பளிச்சென்று இருக்க வேண்டாமா, தம்பி?” என்றார். அவர் சொன்னதில் பக்தியைத் தவிர வேறொன்றும் இல்லை. நானும் பக்தியோடுதான் அடித்தேன். இரண்டு பூச்சில் முகம் மறைந்துவிட்டது. மாலையில் சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம், எனக்குப் பொங்கலும் கிடைத்தது.

பல ஆண்டுகள் சென்று தஞ்சையின் உள்வழியில் நின்றபோது, திரிபுராந்தகரின் முகத்துக்கு முன்னே அந்தப் பெண்முகம் என் நினைவில் எழுந்தது. யாரோ ஒருவன் நீராடி, நோன்பிருந்து, அம்மனைத் தியானித்து, ஈரம் உலருமுன் எழுதிய முகம் அல்லவா அது? அவனுக்கு வந்த அருளை என் கையாலேயே மூடினேனே என்று நெஞ்சு நைந்தேன். ஊருக்குச் சென்று பார்த்தேன். வெள்ளைக்குமேல் இப்போது மினுக்கும் எண்ணெய் வண்ணம் பூசியிருந்தார்கள். தஞ்சையில் மேற்பூச்சு காத்தது. எங்கள் ஊரில் காக்குமா என்று சொல்வாரில்லை.

அன்பர்களே, இக்குற்றம் ஓர் ஊரில் மட்டும் நிகழ்ந்ததன்று. காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிறு சிறு சந்நிதிகளில் பல்லவர் ஓவியங்கள் பிற்காலப் பூச்சுகளுக்குள் மறைந்து கிடந்தன. 1931-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் அவற்றைக் கண்டறிந்தார். இன்று எஞ்சியிருப்பவை துண்டுகளே. பனைமலையில் தலைசாய்த்து நிற்கும் உமையம்மை ஒருத்தியே தப்பி நிற்கிறாள். எதிரே ஆடிய பெருமானின் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. அம்மை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவள் பார்ப்பதை நாம் பார்க்க இயலவில்லை.

இப்போது இக்கோயிலுக்கு வருகிறேன். நம் முன்மண்டபத்து விதானத்தை வருகிற திங்களில் சுரண்டி வெள்ளையடிப்பதென்று திட்டம் இருப்பதாகக் குழுவினர் கூறினர். நேற்று மாலை அந்த விதானத்தை நிமிர்ந்து பார்த்தேன். கர்ப்பூரப் புகையும் எண்ணெய்ப் புகையும் கருகப் படிந்திருக்கின்றன. ஆனால் வடகிழக்கு மூலையில், புகைக்குள்ளே, காவி நிறத்தில் ஒரு வளைந்த கோடு தெரிகிறது. அது பூங்கொடியின் கரையாக இருக்கலாம்; ஒரு திருவாசியின் வளைவாகவும் இருக்கலாம்; மழைநீர்க் கசிவின் கறையாகவும் இருக்கலாம். எதுவாயினும், பாராமல் அதன்மேல் மட்டை வைக்க வேண்டாம் என்று உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. முதலில் மேல்தளத்தில் நீர்க்கசிவை நிறுத்துங்கள். ஓவியத்துக்கு முதற்பகை மழைநீர். சுரண்டுவதற்கு முன் விதானம் முழுவதையும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழஞ்சுவர் ஓவியங்களைத் தூய்மை செய்யக் கற்றவர்கள் தொல்லியல் துறைகளில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வந்து காட்டுங்கள். அவர்கள் வரும்வரை அந்த மூலைக்கு அருகே கர்ப்பூரம் ஏற்ற வேண்டாம். ஆணி அடிக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கவும் வேண்டாம். கற்றூண்களை மணல்வீச்சால் விளக்கினால் கல்வெட்டின் எழுத்தும் சிற்பத்தின் நுட்பமும் தேய்ந்துபோகும், அதனையும் விலக்குங்கள். பழஞ்சுவரின்மேல் எண்ணெய் வண்ணம் பூசினால் சுவர் மூச்சுவிட வழியின்றி உள்ளீரம் தேங்கிக் காரை உதிரும். அதற்கென்று ஒதுக்கிய தொகையைக் கசிவை நிறுத்தும் பணிக்கு மாற்றுங்கள். அந்தத் தொகையை வழங்கிய அன்பர் வருந்த வேண்டா. வண்ணம் ஐந்தாண்டில் மங்கும். அவர் பொருளால் காக்கப்படும் ஓவியம் அவருடைய பேரன்மார்க்கும் நிற்கும்.

இதனால் குடமுழுக்கு நாள் சற்றே தள்ளிப்போகலாம் என்று குழுவினர் கவலைப்படுகின்றனர். பல்லவ மன்னனுக்கும் அந்தக் கவலை வந்ததே! ஏழை அடியவர் ஒருவர் நெஞ்சில் கட்டிய கோயிலுக்காக இறைவனே அரசனுடைய விழாவைத் தள்ளிவைக்கச் சொன்னான். பெயர் தெரியாத ஓவியன் ஒருவன் நெஞ்சில் கண்டு விதானத்தில் வைத்த உருவத்துக்காக நாம் சில வாரம் பொறுக்கலாகாதா? நாள் தள்ளிப்போனால் வேறு நல்ல நாள் வரும். முகம் அழிந்தால் அந்த முகம் மீண்டும் வராது. அதைக் கண்ட நெஞ்சு இன்று இல்லை.

விதானத்தைத் தூய்மை செய்து பார்த்தபோது ஒன்றும் இல்லை என்று தெரிந்தால்? நல்லது. மனநிறைவோடு வெள்ளையடியுங்கள், முதல் வாளியை நானே சுமந்து வருகிறேன். ஏதேனும் ஓர் உருவம் இருந்தால், குடமுழுக்கு நாளில் கலசநீர் கோபுரத்தின்மேல் பொழியும்போது, கீழே மண்டபத்தில் ஒரு பழைய முகமும் நம்மோடு சேர்ந்து அக்காட்சியைக் காணட்டும். அருள் ஒருகாலத்தில் ஓவியனின் கையில் வந்தது; இன்று அதே அருள் நம்முடைய பொறுமையில் வரட்டும். எழுதியவன் பெற்ற பேற்றில் ஒரு சிறு பங்கு காத்தவனுக்கும் உண்டு என்பது என் நம்பிக்கை.

எல்லாம்வல்ல பெருமான் இத்திருப்பணிக்குப் பொருள் தந்தோரையும், உடலால் உழைப்போரையும், அறிவால் வழிகாட்டுவோரையும் காத்தருள வேண்டும் என்று வேண்டி என் சொற்பொழிவை நிறைவு செய்கிறேன்.

திருச்சிற்றம்பலம்.